12 இலட்சம் தவணையில் கமரா எடுக்கலாமா? நிந்தவூர்த் தங்கச்சிக்கு என் பதில்

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்குவதற்காக முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக நிந்தவூர்ப் பக்கம் கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதியில் படம் எடுக்கிறீர்கள். கையில் இருப்பது மாமா தந்த கெனன் 700டி கமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் (இந்த எண்கள் மில்லிமீற்றர்; எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்ட வரும்). இப்போது கெனன் ஆர்6 மார்க் 2, ஆர்எஃப் 24-70 எஃப் 2.8 லென்ஸ், இரண்டு ஃபிளாஷ், மெமரி கார்டுகள் என்று 18 இலட்சம் ரூபாவுக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் சேமிப்பு இரண்டரை இலட்சம். உம்மாவின் நகையை விற்றால் மூன்றரை இலட்சம். மிச்சம் 12 இலட்சத்தை முராபஹா முறையில் (வட்டிக்குப் பதிலாக, நிதி நிறுவனமே பொருளை வாங்கி இலாபம் சேர்த்து நமக்குத் தவணைக்கு விற்பது) எடுத்தால் மாதம் 43,400 வீதம் 36 மாதம். "இது பெறுமதியா அண்ணன், இல்லாட்டி நான் கிணத்துக்குள்ள குதிக்கிறேனா?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் இறங்கியிருக்கிற தொழில் நல்ல தொழில். உங்களைப் போல பெண்கள் பக்கம் எடுக்கக்கூடிய பெண்கள் நம் கரையோரத்தில் போதாது. ஆனால் இந்த 18 இலட்சத்தை இந்த வருடம் போடாதீர்கள். உம்மாவின் நகையை எந்த வருடமும் தொடாதீர்கள்.

உங்கள் கணக்கையே எடுப்போம். போன வருடம் 19 வீடு செய்தீர்கள், ஒரு வீட்டுக்கு 40,000 வாங்கி, செலவு போக 20,000 மிஞ்சியது. அதாவது வருடத்துக்கு 3,80,000. புதுக் கமரா வந்தால் 75,000 கேட்கலாம், 35,000 மிஞ்சும் என்கிறீர்கள். சரி, 19 வீடும் அப்படியே வருகிறது என்று வைப்போம். 6,65,000. அதிலே வருடத் தவணை 5,20,800 போனால் உங்கள் கையில் 1,44,200. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை கேட்டு, அதே உழைப்பு உழைத்து, இப்போது வீட்டுக்குக் கொடுப்பதில் பாதிகூட மூன்று வருடத்துக்குக் கொடுக்கமாட்டீர்கள். அதுவும் 40,000 தந்த அதே 19 குடும்பமும் ஒரு வார்த்தை பேசாமல் 75,000 தந்தால்தான். நான் அறிந்தவரை, விலை இப்படி ஒரே பாய்ச்சலில் ஏறினால் முதல் வருடத்தில் வேலை குறையும். உங்கள் அயலூர்க் குடும்பங்களுக்கு நீங்கள் என்ன கமரா பிடிக்கிறீர்கள் என்பது தெரியாது. போன கல்யாணத்தில் என்ன விலை சொன்னீர்கள் என்பது நன்றாகத் தெரியும்.

முராபஹாவில் வட்டி இல்லை என்பது உங்கள் மனதுக்கு ஆறுதல், அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் 12 இலட்சத்துக்கு 15,62,400 திருப்பிக் கொடுக்கிறீர்கள். வேலை இல்லாத மாதத்திலும் 43,400 கேட்கும். நம் தொழிலில் வேலை இல்லாத மாதம் என்பது விதிவிலக்கு இல்லை, வருடாவருடம் வருவது. உங்களுக்கு நோன்பு மாதம். தமிழ் வீடுகளுக்கு ஆடியும் மார்கழியும். கார்த்திகை தொடங்கினால் தை வரைக்கும் மழை, வெள்ளம், பாதை அடைப்பு. காசு புழங்குவதும் வெள்ளாமையோடுதான். பெரும்போகம் வெட்டி நெல் விற்று முடிகிற வரைக்கும் "மிச்சக் காசை வெட்டு முடிஞ்சதும் தாறம்" என்று சொல்லாத வீடு சம்மாந்துறைப் பக்கமும் இல்லை, எங்கள் மட்டக்களப்புப் படுவான்கரையிலும் இல்லை. தருவார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் தவணைக்காரன் வெட்டு முடியும்வரை காத்திருக்கமாட்டான்.

ஊர்க்காலம் இப்படியென்றால் நாட்டுக்காலம் வேறு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு மாதக்கணக்கில் கொண்டாட்டங்கள் நின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022இல் பெற்றோல் வரிசை. நாலு வருடத்துக்குள் மூன்று தடவை இந்தத் தொழில் அடியோடு நின்றதை நாங்கள் எல்லோரும் கண்டோம். அப்போது தப்பியவர்கள் கடன் இல்லாதவர்கள். நல்ல படம் எடுக்கிறவர்களிலேயே எத்தனையோ பேர் அந்தக் காலத்தில் கமராவை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போனார்கள்.

என் கதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நகை என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு நெஞ்சு ஒருமாதிரி ஆகிவிட்டது. 2010இல் நான் கெனன் 5டி மார்க் 2 வாங்கினேன். யுத்தம் முடிந்து ஒரு வருடம், ஊரெல்லாம் கல்யாணம், கொழும்பிலிருந்து வந்த படப்பிடிப்பாளர்கள் அந்தக் கமராவைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். மனைவியின் காப்புச் சோடியை, அது அவவின் தாய் தந்தது, ஈடு வைத்தேன். ஆறு மாதத்தில் மீட்டுவிடலாம் என்று நம்பினேன். 2011 ஜனவரியில் வெள்ளம் வந்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் தண்ணீருக்குள். வயல் போனது, தை மாதத்துக் கல்யாணங்கள் எல்லாம் தள்ளிப்போயின. வட்டி கட்ட முடியவில்லை. அறிவித்தல் கடிதம் வந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து மனைவியின் தமக்கை வீட்டில் இருந்தோம், கடிதம் கையில் கிடைக்கவில்லை. காப்பு ஏலத்தில் போய்விட்டது. 2012இல் மார்க் 3 வந்தது, என்னுடைய கமராவின் விலை இறங்கியது. 2015இல் அதை விற்றபோது கிடைத்த காசுக்கு அந்தக் காப்பில் ஒன்றைக்கூட வாங்கியிருக்க முடியாது. கமரா இறங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கமராவில் நான் நல்ல படங்கள் எடுத்தேன், அது பொய்யில்லை. ஆனால் மனைவி இன்றைக்கும் கல்யாண வீட்டுக்குப் போகும்போது கையைப் பார்ப்பா. ஒன்றும் சொல்லமாட்டா.

கமராப் பொடியும் (லென்ஸ் இல்லாத கமரா உடல்) லென்ஸும் ஒரே மாதிரி முதலீடு இல்லை. பொடி பச்சை மீன் மாதிரி. காலையில் இருந்த விலை பின்னேரம் இல்லை. நீங்கள் விரும்பும் வரிசையையே பாருங்கள்: ஆர்6 2020இல் வந்தது, மார்க் 2 2022இல், மார்க் 3 2025இல். 36 மாதத் தவணையில் நீங்கள் எடுக்கப்போவது இப்போதே ஒரு தலைமுறை பழையது. கடைசித் தவணையைக் கட்டும்போது அதன் சந்தை விலை என்ன என்று யோசியுங்கள். லென்ஸ் அப்படி இறங்காது. கெனனின் ஈஎஃப் பொருத்து, அதாவது லென்ஸைக் கமராவில் மாட்டும் வாய், 1987இல் வந்தது. அந்தக் காலத்து லென்ஸ் உங்கள் 700டியில் இன்றும் வேலை செய்யும். 2018இல் ஆர் வரிசைக் கமராக்களோடு ஆர்எஃப் என்ற புதுப் பொருத்து வந்த பிறகு பலர் புதியதுக்கு மாறி, பழைய ஈஎஃப் லென்ஸ்களை விற்கிறார்கள். அதே லென்ஸ்களை ஒரு அடப்டர் போட்டால் ஆர் வரிசைக் கமராக்களிலும் குறையில்லாமல் பாவிக்கலாம். ஆகவே இன்று பாவித்த ஈஎஃப் லென்ஸ் ஒன்றை வாங்கினால் அது உங்கள் 700டிக்கும் ஆகும், அடுத்து வாங்கும் பாவித்த பொடிக்கும் ஆகும், நாலு வருடம் கழித்து ஆர்6 எடுத்தால் அதற்கும் ஆகும்.

"இப்போ எடுக்காட்டி விலை ஏறிடும்" என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2022இல் அது உண்மையாக இருந்தது. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவளவில், மே மாதம் 360. 2,500 டொலர்ச் சாமான் ஐந்து இலட்சத்திலிருந்து ஒன்பது இலட்சத்துக்குப் போனது, வரி வேறு. அன்றைக்குக் கையில் லென்ஸ் வைத்திருந்தவர்கள் வாங்கிய விலைக்கு மேல் விற்றார்கள், நானும் ஒன்றை விற்று அந்த வருடத்தைக் கடந்தேன். ஆனால் அது காசு கொடுத்து முழுதாகச் சொந்தமாக வைத்திருந்த லென்ஸ். அப்படி ஒரு நெருக்கடி திரும்ப வந்தால், தவணையில் இருக்கிற சாமானை விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது.

இனி வேலையைப் பார்ப்போம். பெண்கள் பக்கம் எடுப்பதில் உள்ள கஷ்டம் என்ன? சிறிய அறை. பொம்பிளையை, அதாவது மணப்பெண்ணை, சுற்றி இருபது பேர். மஞ்சள் பல்பு ஒன்று, வெள்ளை டியூப் ஒன்று, யன்னலால் பகல் வெளிச்சம் கொஞ்சம், மூன்றும் மூன்று நிறம். வெளியே பந்தல் என்றால் ரோசாச் சீலைக்குக் கீழே நிற்கும் எல்லோருடைய முகமும் ரோசா. இதிலே உங்கள் 18-55 லென்ஸ் 55இல் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் கூடும்). படம் மங்கலாகவும் பொரிப்பொரியாகவும் வருவதற்குக் காரணம் அதுதான், நீங்கள் நினைப்பதுபோல 700டி மட்டும் காரணம் இல்லை. கெனன் ஈஎஃப் 50 எஃப் 1.8 லென்ஸ், 2015இல் புதுப்பிக்கப்பட்டது, கெனனின் மிக மலிவான லென்ஸ்களில் ஒன்று. எஃப் 5.6ஐ விட ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 700டியின் சிறிய சென்சரை விட்டு ஃபுல் ஃபிரேமுக்கு, அதாவது ஆர்6இல் இருப்பதுபோன்ற பெரிய சென்சருக்கு, மாறினால் கிடைக்கும் ஆதாயம் இரண்டு இரண்டரை மடங்குதான். பத்து மடங்கை அற்ப காசுக்கு வாங்கலாம் என்றிருக்க, இரண்டரை மடங்குக்காக ஏன் பல இலட்சம்?

ஆனால் உங்கள் கமராவின் சிறிய சென்சரில் 50 லென்ஸ் 80 போல, இன்னும் குறுகலாகக் காட்டும், சின்ன அறையில் முதுகு சுவரில் முட்டும். ஒருத்தியின் முகம், மருதோன்றிக் கை, நகை இவற்றுக்கு அழகு. அறைக்கு ஈஎஃப் 35 எஃப் 2 பாவித்தது கிடைத்தால் பாருங்கள். ஃபிளாஷை முகத்துக்கு நேரே அடிக்காமல் வெள்ளைச் சுவருக்கோ சீலிங்குக்கோ திருப்பி அடிக்கப் பழகுங்கள். ஃபிளாஷுக்குக் கொடொக்ஸ் என்ற கம்பனியின் ஃபிளாஷ் போதும். வெளிச்சத்தைப் பழகியவளுக்கு 700டியே போதும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் வெளிச்சம் பழகாதவளுக்கு ஆர்6உம் போதாது. மெகாபிக்சலை நினைத்துக் கவலைப்படாதீர்கள். அல்பத்தின் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம் என்றால், 18 அங்குலத்துக்கு 700டியின் 5,184 புள்ளிகள், அங்குலத்துக்கு 288. அச்சுக்கூடம் கேட்பது 300. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

உங்களுக்குப் புதுப் பொடி வேண்டும் என்பதற்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் எழுதவில்லை. 700டியில் கார்டு போடும் இடம் ஒன்றுதான். கார்டு பழுதானால் நிக்காஹ் போனது. திரும்ப எடுக்க முடியாத ஒரு நாளை ஒரே கார்டில் வைத்திருப்பதுதான் இப்போது உங்கள் தலைக்கு மேலே தொங்குகிற ஆபத்து. ஆகவே இரண்டு கார்டு போடக்கூடிய பொடியாகப் பாருங்கள். பாவித்த 5டி மார்க் 3 அல்லது மார்க் 4இல், நீங்கள் வாங்கும் ஈஎஃப் லென்ஸ்கள் நேராகப் பொருந்தும் (18-55 மட்டும் பொருந்தாது). மார்க் 3இல் எஸ்டி பக்கம் மெதுவானது, அதனால் மற்றப் பெரிய கார்டில் (சிஎஃப்) ரோ, அதாவது சுருக்காத முழுக் கோப்பு, எஸ்டியில் ஜேபெக், அதாவது சுருக்கிய படம், என்று பிரித்து எழுத வையுங்கள். 700டியை விற்காதீர்கள். அது இனி இரண்டாவது கமரா. நடுக் கல்யாணத்தில் பொடி ஒன்று நின்றால், கொழும்புக்கு அனுப்பித் திருத்தி வரக் கிழமைக்கணக்கு ஆகும். பொம்பிளை அதுவரைக்கும் சேலையோடு இருக்கமாட்டா. 18 இலட்சத்துக்கு ஒரே ஒரு நல்ல கமரா வைத்திருப்பவரைவிட, சாதாரணக் கமரா இரண்டு வைத்திருப்பவருக்கே நான் என் மகளின் கல்யாணத்தைக் கொடுப்பேன்.

உங்கள் வாடிக்கையாளர் உங்களிடம் வாங்குவது முதலில் நம்பிக்கை. திரை நீக்கிய முகங்களை உங்களிடம் தருகிறார்கள். அந்தப் படம் ஒன்று வெளியே போனால் ஆர்6 என்ன, உலகத்தில் எந்தக் கமராவாலும் உங்கள் பெயரைத் திருப்பித் தர முடியாது. ஆகவே எடிட்டிங்கை வெளியே கொடுக்க முடியாது, நீங்களே செய்யவேண்டும். அதற்கு ஓரளவு நல்ல மடிக்கணினி, கடவுச்சொல் போட்ட இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று உங்களிடம், ஒன்று வேறு வீட்டில். எத்தனை மாதம் படங்களை வைத்திருப்பீர்கள், பிறகு அழிப்பீர்களா என்பதை எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். "கார்டை எங்களிடம் தந்துவிட்டுப் போங்கள்" என்று கேட்கும் குடும்பங்கள் இருக்கும். இரண்டு கார்டுப் பொடி இருந்தால் ஒன்றை அங்கேயே உறை போட்டுக் கொடுக்கலாம். காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு தங்கை சாதாரணக் கமராவோடு இப்படி நடந்துதான் ஒரு குடும்பத்திலேயே நாலு சகோதரிமாருடைய கல்யாணத்தையும் எடுத்தா. பணத்தை இந்தப் பக்கம் போட்டால் விலையை 40,000த்திலிருந்து 50,000 ஆக்கலாம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

கடன்பட்டுப் பெரிய லென்ஸ் வாங்கியே ஆகவேண்டிய வேலையும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். அறுகம்பேயில் அலைச்சறுக்குப் படம் எடுக்கிறவர்களுக்கு 600 மில்லிமீற்றர் வரை போகும் லென்ஸ் இல்லாவிட்டால் படமே இல்லை. கரையில் நின்றுதான் எடுக்கவேண்டும், ஆள் அலைக்கு நடுவில். ஏப்ரல் மேயிலிருந்து ஒக்டோபர் வரை பருவம், வாங்குகிறவர் வெளிநாட்டுக்காரர், காசு கையோடு. குமணையில் பறவை எடுப்பவர்களுக்கும் அப்படி. அங்கே கருவிதான் தொழிலின் கதவு. உங்களுக்குக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. நீங்கள் பெண் என்பதும், உங்களை அந்த வீடுகள் உள்ளே விடுகின்றன என்பதும்தான் திறப்பு.

தூரத்தைக் கிட்ட இழுக்கும் 70-200 லென்ஸ் வேண்டுமா என்று கடைசியில் கேட்டீர்கள். பெரிய மண்டபம் வந்தால் அந்த ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள், வாடகையை விலையிலே சேருங்கள். ஒரு பருவத்தில் ஆறேழு தடவை வாடகைக்கு எடுத்துவிட்டீர்கள் என்றால் அது தன்னைத் தானே வாங்கிக்கொள்ளக்கூடிய லென்ஸ், அப்போது வாங்குங்கள். ஒரு தடவைதான் தேவைப்பட்டது என்றால் வாங்காமல் தப்பினீர்கள்.

எதை வாங்கினாலும் நம் கடற்காற்றிலிருந்து காப்பாற்றவேண்டும். கொழும்புக் கடையில் இதைச் சொல்லமாட்டார்கள். மாரி மாதங்களில் அலுமாரிக்குள் தோல் பையில் வைத்த லென்ஸில் வெள்ளை நூல்போலப் பங்கஸ் பிடிக்கும். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. டிரை கபினெட் (ஈரத்தைக் குறைத்து வைக்கும் அலுமாரி) வாங்க வசதியில்லாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மானி. அது 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கவேண்டும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போடுங்கள். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது கமராவைப் பையை விட்டு உடனே எடுக்காதீர்கள், அரை மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் வியர்க்கும். கடற்கரைப் படம் எடுத்தால் அன்றைக்கே ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்கவும். மணலில் லென்ஸ் மாற்றவே வேண்டாம்.

ஆகவே உங்கள் இரண்டரை இலட்சத்தோடு தொடங்குங்கள். முதலில் 50உம் ஒரு ஃபிளாஷும், இரண்டு ஹார்ட் டிஸ்க்கும். வரும் பருவத்தை அதோடு ஓடிப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் 5,000 தனியாக எடுத்து வையுங்கள், சேமிப்பின் மிச்சத்தோடு அது சேர்ந்தால் பாவித்த பொடி வரும்.

அந்தப் பொடியையோ பாவித்த லென்ஸையோ பார்க்கப் போகும்போது சின்னக் கைவிளக்கு ஒன்று கொண்டுபோங்கள். லென்ஸின் பின்பக்கத்தால் வெளிச்சம் அடித்து முன்பக்கத்தால் பாருங்கள், நூலும் புள்ளியும் இருந்தால் தெரியும். எஃப் 16இல் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சரில் இருக்கும் அழுக்கும் கீறலும் தெரியும். 5டியில் எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பது படக் கோப்பில் பதிவாகாது, கம்பியால் கணினியில் தொடுத்து ஒரு மென்பொருளால்தான் பார்க்கவேண்டும். மார்க் 3க்கு ஷட்டர் ஆயுள் 150,000 படம் என்று கெனன் சொல்கிறது, 60,000த்துக்குக் கீழே இருந்தால் பேசுங்கள். பெட்டியிலும் பொடியிலும் இலக்கம் ஒன்றா என்று பாருங்கள், பழைய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் களவுச் சாமானாக இருக்கலாம், விட்டுவிட்டு வாருங்கள். இரண்டு கார்டிலும் எழுதுகிறதா என்று நூறு படம் தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். முடிந்தால் காசு கொடுக்க முன் ஒரு நாள் மட்டக்களப்புக்குக் கொண்டுவாருங்கள், உம்மாவையும் கூட்டிக்கொண்டு. நானும் பார்க்கிறேன், என் மனைவி உம்மாவோடு கொஞ்சம் பேசட்டும்.